அப்பாவின் பெட்டியில் பத்து தினார் நோட்டுகள்: குவைத் 1990

ஒரு வாசகரின் கேள்வி, 2023 ஆகஸ்ட் 2, மாலை

அப்பா போன மாதம் காலமானார். 1990-இல் ஈராக் படையெடுப்பின்போது குவைத்திலிருந்து தப்பி வந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் பழைய குவைத் நோட்டுகள் கிடைத்தன, பத்து தினார் தாள் முப்பத்தொன்று. இப்போது மாற்ற முடியுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தப் போர் ஏழே மாதத்தில் முடிந்து, குவைத்தும் மீண்டு விட்டது. அப்பாவும் உயிரோடு வந்து சேர்ந்தார். அப்படியிருக்க, கடைசி வரை அதைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 2, இரவு

நான் இருந்தேன். ஷுவைக் தொழிற்பேட்டையில் ஒரு வாகன உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதினேன். வீடு ஹவல்லியில், ஒரே அறையில் நான்கு பேர்.

முதல் கேள்விக்குப் பதில்: மாற்ற முடியாது தம்பி. 1991 மார்ச் 24 அன்று குவைத் புது நோட்டு வெளியிட்டது, பழைய வரிசை எல்லாம் செல்லாததாகிவிட்டது. பழைய நோட்டு சேகரிப்பவர்கள் ஏதோ ஒரு விலைக்கு வாங்குவார்கள். கொடுத்துவிடாதீர்கள். அந்த முப்பத்தொரு தாளும் உங்கள் அப்பாவின் எத்தனை மாத உழைப்பு என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாவது கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல வராது. ஆரம்பத்திலிருந்தே வருகிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. விடிவதற்கு முன்பே தூரத்தில் இடி போல ஒரு சத்தம். ஆகஸ்டில் குவைத்தில் மழை கிடையாது. அறைத் தோழர் ஒருவர் மொட்டை மாடிக்குப் போய்விட்டு வந்து, "ஹெலிகாப்டர் வரிசையா போகுது, ரொம்பத் தாழ்வா" என்றார். ராணுவப் பயிற்சியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு நான் மறுபடி படுத்தேன். ஏழு மணிக்குத் தெருவில் இறங்கினால் முனையில் ஒரு டாங்கி நின்றது. அதன் மேலே உட்கார்ந்திருந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்து "மாய், மாய்" என்று தண்ணீர் கேட்டான். பக்கத்து பகாலாக்காரர், அதாவது மளிகைக் கடைக்காரர், இரண்டு பாட்டில் எடுத்துக் கொடுத்தார். அவன் குதிரைப் படம் போட்ட ஈராக்கின் 25 தினார் நோட்டை நீட்டினான். பகாலாக்காரர் வாங்கவில்லை. ஒரு நாட்டைப் பிடிக்க வந்தவன் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறானே என்று அப்போது எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. நான்கு நாளில் அந்த நிம்மதி போய்விட்டது.

ஆகஸ்ட் 3, காலை

திருத்தம். வெள்ளிக்கிழமை என்று எழுதியது தவறு. 1990 ஆகஸ்ட் 2 வியாழக்கிழமை. அந்தக் காலத்தில் அங்கே வியாழனும் வெள்ளியும்தான் வார விடுமுறை. தெரு வெறிச்சோடிக் கிடந்தது மனதில் வெள்ளிக்கிழமையாகப் பதிந்துவிட்டது.

விடுமுறை என்று சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஜூலைச் சம்பளத்தைச் சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று முதலாளி புதன்கிழமை சொல்லியிருந்தார். அந்தச் சனிக்கிழமை வரவே இல்லை.

ஆகஸ்ட் 3, இரவு

"சதாம் ஏன் வந்தார்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் புரிந்துகொண்ட அளவு சுருக்கமாக.

1980 முதல் 1988 வரை ஈரானோடு போர் புரிந்து ஈராக் கடனில் மூழ்கியிருந்தது. கடன் கொடுத்த நாடுகளில் குவைத்தும் ஒன்று. தள்ளுபடி செய் என்று ஈராக் கேட்டது, குவைத் மறுத்தது. ஒதுக்கப்பட்ட அளவுக்கு மேல் குவைத் எண்ணெய் எடுத்து விலையைச் சரிக்கிறது, ருமைலா எண்ணெய் வயலில் எல்லைக்கு அடியில் சாய்வாகத் துளைத்து எங்கள் எண்ணெயை உறிஞ்சுகிறது என்பது அடுத்த குற்றச்சாட்டு. குவைத்தின் வார்பா, புபியான் தீவுகள் கிடைத்தால் கடலுக்கு நல்ல வழி கிடைக்கும் என்ற கணக்கும் இருந்தது. குவைத் எங்கள் மண்தான் என்ற பழைய உரிமைப் பேச்சு இதையெல்லாம் மூடும் போர்வை. ஆகஸ்ட் 28 அன்று குவைத்தைத் தங்கள் 19-ஆவது மாகாணம் என்று அறிவித்தார்கள்.

குவைத்தை ஆண்ட அமீர் சவூதிக்குத் தப்பிவிட்டார். அவருடைய தம்பி ஷேக் ஃபஹத் முதல் நாளே தஸ்மான் அரண்மனையில் கொல்லப்பட்டார். இரண்டே நாளில் நாடு அவர்கள் கையில்.

அன்று விடியற்காலை நடந்த இன்னொன்றைத் தமிழர்கள் பலர் மறந்துவிட்டார்கள். லண்டனிலிருந்து குவைத், மெட்ராஸ் வழியாகக் கோலாலம்பூர் போக வேண்டிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 149, படை எல்லையைத் தாண்டிய பிறகு குவைத்தில் இறங்கியது. அதில் வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பிரிட்டிஷ்காரர்கள் பலரை ஈராக் மனிதக் கேடயமாக வைத்துக்கொண்டது. மீனம்பாக்கத்தில் காத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். படை நுழைந்த செய்தி லண்டனில் வெளியுறவு அமைச்சகத்துக்கு முன்பே வந்தும் விமான நிறுவனத்துக்குச் சொல்லப்படவில்லை என்பதை பிரிட்டன் அரசு 2021-இல்தான் ஒப்புக்கொண்டது. முப்பத்தொரு வருடம்!

ஆகஸ்ட் 5

இப்போது நோட்டு விஷயம். உங்கள் அப்பா பேசாததற்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

படையெடுப்பு என்றால் டாங்கியும் குண்டும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். எங்களை அடித்தது ஒரு அறிவிப்பு. ஈராக் தினாரும் குவைத் தினாரும் இனி ஒன்றுக்கு ஒன்று சமம் என்றார்கள். அதற்கு முன்பு வெளிச்சந்தையில் ஒரு குவைத் தினாருக்குப் பத்து ஈராக் தினாருக்கு மேல் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த அறிவிப்பால் ஒரு கட்டு ஈராக் நோட்டோடு வந்த எவரும் குவைத்தில் கடை கடையாக வாங்கிக் குவிக்க முடிந்தது. கொள்ளை என்ற பேர் அதற்குக் கிடையாது, வியாபாரம். செப்டம்பர் கடைசியில் குவைத் தினார் செல்லவே செல்லாது என்றும் அறிவித்தார்கள்.

வங்கியில் இருந்ததை எடுக்க முடியவில்லை. கையில் இருந்த தாளைத் துணிக்குள் வைத்துத் தைத்து எடுத்து வந்தவர்கள் ஏராளம். அம்மானில் காசு மாற்றுகிறவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு விலை சொல்வார், கேட்டால் அழுகை வரும். சரி, குவைத் ஒருநாள் விடுபடும், அப்போது முழு மதிப்பு கிடைக்கும் என்று சிலர் மாற்றாமலே வைத்துக்கொண்டார்கள். உங்கள் அப்பாவும் அப்படி நம்பியவராகத்தான் இருக்க வேண்டும். குவைத் விடுபட்டது உண்மை. ஆனால் ஈராக் படை மத்திய வங்கியிலிருந்து அள்ளிய நோட்டு வரிசைகளை அது ஏற்கவில்லை, மற்ற பழைய நோட்டுக்கும் கெடு வைத்தது. ஊரில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தக் கெடு எட்டவில்லை.

நான் அம்மானிலேயே மாற்றினேன். மூன்று வருடச் சேமிப்பில் எனக்கு மிஞ்சியது பம்பாயிலிருந்து மெட்ராஸுக்கு ரயில் டிக்கெட்டும், அம்மாவுக்கு ஒரு சேலையும், அதற்கு மேல் ஒரு சிறு தொகையும். நம்பாமல் மாற்றியதால் அதுவாவது கிடைத்தது. நம்பியவருக்கு அதுவும் இல்லை. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

ஆகஸ்ட் 6

பயணத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு.

நாங்கள் ஆகஸ்ட் 29 அன்று கிளம்பினோம். தூதரகங்களைக் குவைத்தில் மூடச் சொல்லி ஈராக் கெடு வைத்திருந்ததால் நம் தூதரகம் பஸ்ராவுக்குப் போய்விட்டிருந்தது. பேருந்தை நாங்களே பேசிப் பிடித்தோம். ஜஹ்ரா, முத்லா மேடு, சஃப்வான், பஸ்ரா, பாக்தாத், ருத்பா, எல்லையில் துரைபில். அதற்கு அப்பால் ஜோர்டானின் ருவைஷித். வழியெல்லாம் எதிர்த்திசையில் ராணுவ லாரிகள். எங்கள் திசையில் வந்த லாரிகளில் குளிர்சாதனப் பெட்டி, மருத்துவமனைக் கட்டில், பள்ளிக்கூட மேசை.

ஓட்டுநர் பஸ்ராக்காரர். நாற்பது வயதிருக்கும், இடது கையில் இரண்டு விரல் இல்லை. ஈரான் போரில் போனது என்றார். தம்பியை மறுபடி ராணுவத்தில் சேர்த்துவிட்டார்களாம், குவைத்தில் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லையாம். "நீங்கள் வீட்டுக்குப் போகிறீர்கள், நல்லது" என்று என் உடைந்த அரபிக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். ருத்பாவில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வாங்கிப் பேருந்து முழுக்கக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்த மனிதரைப் பற்றி இன்னொரு நாள் எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டு எல்லைச் சாவடிகளுக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத பாலைவனம். அதில் கூடார முகாம். எகிப்தியர், வங்கதேசத்தவர், பிலிப்பைன்ஸ்காரர், இலங்கையர், நம்மவர். பகலில் வெயில் கொதிக்கும், இரவில் குளிர் நடுக்கும். தண்ணீர் லாரி வந்தால் ஓட வேண்டும். ரொட்டியை லாரி மேலிருந்து வீசுவார்கள், பலசாலிக்குத்தான் கிடைக்கும். மூன்றாம் நாள் நம் ஆட்கள் கையைக் கோத்து வளையம் போட்டு, பெண்களையும் குழந்தைகளையும் உள்ளே விட்டு, வரிசையாக வாங்க வைத்தார்கள். வீட்டு வேலைக்கு வந்திருந்த மட்டக்களப்புப் பெண் ஒருவர் அந்த வளையத்துக்குள் நின்று எங்கள் எல்லோருக்கும் ரொட்டி எண்ணிக் கொடுத்தார். அவருடைய கடவுச்சீட்டு குவைத்தில் எஜமானர் வீட்டு அலமாரியில் இருந்தது. எங்களைக் கூப்பிட விமானம் வந்தது. அவரைக் கூப்பிட யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முகாமில் ஏழு நாள் இருந்தோம்.

ஆகஸ்ட் 6, நள்ளிரவு

பழைய கைக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஏழு நாள் இல்லை, பதினொரு நாள். நான்கு நாளை நான் எங்கே தொலைத்தேன் என்று விளங்கவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை குறிப்பில் "தண்ணீர்" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. அப்போது எனக்கு வயிற்றுப்போக்கு.

ஆகஸ்ட் 8

"ஒரே ஒரு தொழிலதிபர் எல்லோரையும் காப்பாற்றினார் என்று சினிமாவில் பார்த்தேனே" என்று கேட்கிறார் ஒருவர்.

அப்படி ஒரு ஆள் இல்லை. குவைத்தில் இருந்த இந்தியர்களே பகுதி பகுதியாகக் குழு அமைத்துப் பெயர்ப் பட்டியல் எழுதினார்கள், பள்ளிக்கூடங்களில் தங்க வைத்தார்கள், பேருந்து பிடித்தார்கள். வெளியுறவு அமைச்சர் ஐ. கே. குஜ்ரால் பாக்தாத் போய் சதாமைப் பார்த்தார். சதாம் அவரைக் கட்டித் தழுவிய படத்துக்காக இங்கே அவரைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்கும் அந்தப் படம் பிடிக்காது. ஆனால் அந்தச் சந்திப்புக்குப் பிறகுதான் வழி ஒழுங்காகத் திறந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏர் இந்தியா அம்மானிலிருந்து 59 நாளில் 488 விமானங்களில் 1,11,711 பேரைக் கொண்டுவந்தது. அதில் நான் ஒருவன். விமானி பெயர் தெரியாது, இருக்கை எண் நினைவில்லை. பணிப்பெண் கொடுத்த தயிர்சாதத்தின் புளிப்பு மட்டும் நாக்கில் இருக்கிறது.

ஆகஸ்ட் 9

குவைத் மருத்துவமனையில் ஈராக் படையினர் இன்குபேட்டரிலிருந்து குழந்தைகளைத் தூக்கி எறிந்த கதையை ஒருவர் மேலே பதிவிட்டிருக்கிறார். தயவுசெய்து அதைப் பரப்பாதீர்கள். 1990 அக்டோபர் 10 அன்று வாஷிங்டனில் ஒரு பெண் அழுதுகொண்டே சொன்ன சாட்சியம் அது. அவர் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது பின்னால் தெரியவந்தது. அந்தக் கதைக்கு ஆதாரமும் கிடைக்கவில்லை.

இதைச் சொன்னால் ஈராக் படைக்குப் பரிந்து பேசுவதாக நினைக்க வேண்டாம். எங்கள் தெருவிலேயே ஒரு குவைத்தி இளைஞனை அவன் வீட்டு வாசலில், தாய் பார்க்கச் சுட்டார்கள். அரசு எதிர்ப்புத் துண்டறிக்கை வைத்திருந்தானாம். கதவு திறந்து மூடும் சத்தம், அப்புறம் அந்த அம்மாவின் குரல். இப்படிப்பட்ட சாவுகள் எத்தனையோ நடந்திருக்க, ஒரு பொய்யைக் கட்டினார்கள். அது வெளுத்ததும் உண்மையைச் சொன்னவர்களையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார்கள். அந்தத் தாய் உட்பட. எனக்குத் தீராத கோபம் இதில்தான்.

ஆகஸ்ட் 12

"குவைத் மீண்டு விட்டது" என்ற வரிக்கு வருகிறேன்.

1992 கடைசியில் நான் திரும்பிப் போனேன். பின்வாங்கும்போது ஈராக் படை 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. கடைசிக் கிணறு அணைந்தது 1991 நவம்பர் 6. நான் போனபோது நெருப்பு இல்லை. நகரத்துக்கு வெளியே எண்ணெய் ஏரி ஏரியாகத் தேங்கிக் கிடந்தது. பறவைகள் தண்ணீர் என்று நினைத்து இறங்கிச் செத்தன. மணலும் கரியும் எண்ணெயும் சேர்ந்து தார் போலக் கெட்டியாகிவிட்ட தரை. கடற்கரையில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை.

ஹவல்லிக்குப் போய்ப் பழைய வீட்டின் படியில் ஏறினேன். எதிர் வீட்டில் முன்பு என்னோடு கடையில் வேலை பார்த்த பாலஸ்தீனக் கணக்காளர் குடும்பத்தோடு இருந்தார். எனக்கு இரட்டைப் பதிவுக் கணக்கைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். குவைத்திலேயே பிறந்தவர். படையெடுப்பு நாட்களில் ஜம்இயா என்ற கூட்டுறவுக் கடையில் ரொட்டி வரிசையில் எனக்கும் சேர்த்து நின்றவர். கதவைத் தட்டினேன், வேறு யாரோ திறந்தார்கள்.

படையெடுப்புக்கு முன்பு குவைத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் பாலஸ்தீனர்கள் இருந்தார்கள். பாலஸ்தீனத் தலைவர் அரஃபாத் சதாம் பக்கம் சாய்ந்தார். அதற்கான தண்டனை ஹவல்லியில் குடியிருந்தவர்கள் மேல் விழுந்தது. விடுதலைக்குப் பிறகு கைது, அடி, வேலை நீக்கம், இகாமா என்ற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க மறுப்பு. சில பத்தாயிரம் பேர்தான் மிஞ்சினார்கள். எனக்குத் திரும்பிப் போக ஒரு ஊர் இருந்தது. அவருக்கு அம்மான் போக ஒரு பயணச் சீட்டு இருந்தது, அம்மான் அவருடைய ஊர் இல்லை.

அவரைத் தேடினேன் என்று எழுத ஆசை. உண்மையில் நான் தேடவில்லை. வேலை போய்விடுமோ என்று பயந்து, அவரைப் பற்றி விசாரிக்கக்கூட இல்லை.

ஆகஸ்ட் 13

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "உங்கள் மேல் தப்பில்லை" என்று நான்கைந்து பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறீர்கள். நன்றி. ஆனால் அது அப்படியே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 17

இழப்பீடு. பலர் கேட்டுவிட்டீர்கள்.

போருக்குப் பின் ஐ.நா. ஒரு இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கைப் பிடித்து, பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. நாட்டை விட்டு ஓட வேண்டி வந்த தனி ஆட்களுக்கு 'ஏ' வகை. ஆதாரம் அதிகம் வேண்டாம், அங்கே இருந்து வெளியேறினேன் என்று காட்டினால் போதும். தனி ஆளுக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000. வேறு வகையில் எதுவும் கோரமாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் 4,000, 8,000. சம்பளம், வைப்புத்தொகை, பொருள் இழப்புக்கு 'சி' வகையில் ஒரு லட்சம் டாலர் வரை கேட்கலாம், ஆனால் தாள் வேண்டும். என்னிடம் தாள் இல்லை. 4,000-க்குக் கையெழுத்துப் போட்டேன். 1997-இல் முதல் தவணை வந்தது, மீதி அப்புறம்.

என் கடை கதை இதில் வேறு மாதிரி. ஆகஸ்ட் இரண்டாம் வாரம் லாரியோடு வந்து கிடங்கைக் காலி செய்தார்கள். நான் ஓரமாக நின்று பழக்கதோஷத்தில் பேரேட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன்: கிளட்ச் தட்டு இத்தனை, ரேடியேட்டர் இத்தனை. ஒரு அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்தப் பேரேட்டை எதிர் வீட்டுக் கணக்காளர் ஒளித்து வைத்திருந்தார். அவர் போகுமுன் முதலாளியிடம் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். நிறுவனத்தின் இழப்பீட்டுக் கோரிக்கைக்கு அதுவே பெரிய ஆதாரமாக நின்றது. என் ஜூலைச் சம்பளம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

இப்போது அந்தப் பேருந்து ஓட்டுநர்.

எனக்கு வந்த 4,000 டாலர் ஈராக்கின் எண்ணெயிலிருந்து வந்தது. 1990 ஆகஸ்ட் 6-இல் போட்ட பொருளாதாரத் தடை 2003 வரை ஈராக்கை இறுக்கியது. மருந்து இல்லை, குடிநீர் சுத்திகரிப்புக்குச் சாமான் இல்லை. 1996 கடைசியில்தான் உணவுக்காக எண்ணெய் விற்க விட்டார்கள். அப்படி விற்ற ஒவ்வொரு நூறு டாலரிலும் முதல் சில வருடங்கள் முப்பது டாலர் இழப்பீட்டு நிதிக்குப் போனது. முடிவெடுத்தவர் பாக்தாத்தில் அரண்மனை கட்டிக்கொண்டிருந்தார். விலை கொடுத்தது பஸ்ராவில் இரண்டு விரல் இல்லாத அந்த மனிதர்.

அப்படியென்றால் வாங்காமல் இருந்திருக்க வேண்டுமா? அந்தப் பணத்தில்தான் தங்கை கல்யாணம் நடந்தது. எனக்கு இழைக்கப்பட்ட அநியாயமும் உண்மைதான். பல வருடம் யோசித்தும் இந்தக் கணக்கை என்னால் நேர் செய்ய முடியவில்லை. மொத்தம் 52.4 பில்லியன் டாலர் கொடுத்து முடித்து, ஈராக் கடைசித் தவணையைக் கட்டியது 2022 ஜனவரியில். தம்பி, நீங்கள் ஏழு மாதம் என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இந்த வருடத்தைக் குறிப்பிடுகிறேன்.

ஆகஸ்ட் 18

விட்டுப்போன ஒன்று. படையெடுப்பால் எண்ணெய் விலை எகிறியது, வளைகுடாவிலிருந்து வந்த பணமும் நின்றது. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த இந்தியாவின் அந்நியச் செலாவணி 1991-இல் சில வார இறக்குமதிக்குத்தான் தாங்கும் என்ற நிலை. அந்த ஜூலையில் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தார்கள். அதே மாதம் ரூபாயின் மதிப்பையும் இரண்டு முறை குறைத்தார்கள். குவைத்தை வரைபடத்தில்கூடப் பார்க்காதவர் வீட்டு மளிகைக் கணக்கிலும் அந்தப் படையெடுப்பு ஏறியது.

ஆகஸ்ட் 24

தம்பி தனியாக எழுதியிருந்தார். பெட்டியின் அடியில் ஒரு படிவ நகல் கிடைத்ததாம், 'ஏ' வகை, தனி ஆள். கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருக்கிறதாம். பூர்த்தி செய்துவிட்டு அனுப்பாமலே வைத்திருக்கிறார் உங்கள் அப்பா. ஏன் என்று என்னைக் கேட்கிறீர்கள்.

எனக்குத் தெரியாது. இரண்டு விதமாக யோசிக்கிறேன். கையெழுத்துப் போட்டால் முப்பத்தொரு தாளும் போனது போனதுதான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருக்கலாம். அல்லது அவருடைய பேருந்திலும் யாராவது பேரீச்சம்பழம் கொடுத்திருக்கலாம்.

நோட்டுகளின் ஓரத்தில் பென்சிலில் ஏதோ எண்கள் எழுதியிருக்கின்றன என்றீர்களே, 8/88, 9/88 என்று. அது மாதமும் வருடமும். ஒவ்வொரு மாதச் சம்பளத்திலும் ஒரு தாள் எடுத்து வைத்திருக்கிறார். கடைசித் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 24, இரவு

6/90. அவருக்கும் ஜூலைச் சம்பளம் வரவில்லை. ஆனால் 8/88-இலிருந்து 6/90 வரை எண்ணினால் இருபத்துமூன்றுதான் வருகிறது. எட்டுத் தாள் அதிகம் இருக்கிறதே? வேறு யாராவது நம்பிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்களா? அந்த எட்டின் பின்பக்கத்தில் பெயர் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள் தம்பி.

ஆகஸ்ட் 25, காலை

எட்டிலும் ஒரே எழுத்து, அரபியில் என்கிறீர்கள். படம் அனுப்புங்கள். நான் படித்துச் சொல்கிறேன்.